முக்திக்குப் பதில் மூட்டு

வியாழன், இரவு – வாரணாசி

இந்நேரம் நாங்கள் பிரயாகைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருப்பதோ லங்கா பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடி நடையில். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். வலது கால் இடதுகாலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே டாக்டர் அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பு என்று சொல்லிவிட்டார்.

காலையில் கேதார் படித்துறையில் குளித்துவிட்டு, மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மதிலோடு நிற்கும் கௌரி கேதாரேசுவரர் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் கங்கை இந்தப் படிகளை எல்லாம் மூழ்கடித்துவிட்டு, வடியும்போது வண்டலை மேடாகக் குவித்துவிட்டுப் போகிறது. குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அதை ஆற்றுக்குள் தள்ளும் வேலை ஐப்பசியிலும் முடிவதில்லை. கழுவிவிட்ட படியில் சாணம் மெழுகியதுபோல் ஒரு பூச்சு நிற்கும். அம்மா கால் வைத்தது அதில். விழுந்தது என்னவோ இரண்டே படி. 72 வயது இடுப்புக்கு அது போதும்.

இந்தப் பக்கத்துச் சந்துகளில் ஆம்புலன்ஸ் நுழையாது. சோனார்புரா சாலை வரைதான் வரும். படகுக்காரர்கள் நான்கு பேர் எங்கிருந்தோ ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து, அம்மாவை அலுங்காமல் ஏற்றித் தோளில் வைத்துக்கொண்டார்கள். சந்தில் எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கைகூப்பினார்கள். சற்றுத் தள்ளித்தான் அரிச்சந்திரன் படித்துறை. நான்கு பேர் தோளில் போகிறவர்களைப் பற்றி இந்த ஊருக்கு ஒரே எண்ணம்தான். அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே தலையைத் தூக்கி, "நான் இன்னும் இருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லடி" என்றாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலை தூக்கியதைப் பார்த்த ஒரு பால்காரர் சைக்கிளோடு பின்வாங்கிவிட்டார்.

கட்டில் தூக்கியவர்களில் ஒரு பையனுக்குத் தமிழ் தெரியும். நம் ஊர் யாத்திரிகர்களைப் படகில் ஏற்றி ஏற்றிக் கற்றுக்கொண்டது. தர்ப்பணம், பிண்டம், அஸ்தி, தட்சிணை எல்லாம் சுத்தமாகச் சொல்கிறான். மயக்க மருந்து, ஊசி, எலும்பு எதுவும் தெரியாது. அவசரப் பிரிவில் டாக்டர் இந்தியில் சொன்னதை அவன் எனக்குத் தமிழாக்கியதைக் கேட்டிருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள். நல்லவேளை, டாக்டருக்கு ஆங்கிலம் வந்தது.

இப்போதைக்குக் காலில் பட்டை கட்டி, கட்டிலின் கடைசியில் எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். முறிந்த முனைகள் உரசாமல் இருக்க இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு. வலி பாதி குறைந்திருக்கிறது. சித்தி அனுமான் படித்துறைப் பக்கத்து விடுதியில் தனியாக இருக்கிறாள். இரவில் ஒரு நோயாளிக்கு ஒருவர்தான்.

வெள்ளி, மதியம்

காலையிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அங்கே ஒன்றும் செய்ய வேண்டாம், ஊருக்குக் கொண்டுவந்துவிடு." மயிலாடுதுறையிலிருந்து பெரியப்பா சொன்னார், அத்தை சொன்னாள், அப்பாவின் காரியத்துக்குப் பிறகு எங்களோடு பேசாமலிருந்த மாமாகூடக் கூப்பிட்டுச் சொன்னார். காசியில் உடம்பில் கத்தி படலாமா என்பது பெரியப்பாவின் கேள்வி. எந்த ஊரில் படலாம் என்று நான் கேட்கவில்லை.

தம்பி கோயம்புத்தூரிலிருந்து விமானத்துக்கு விசாரித்தான். ஸ்ட்ரெச்சர் என்றால் பல இருக்கைகளை மடக்கி அதன்மேல் பொருத்த வேண்டும். எல்லா நிறுவனங்களும் செய்வதில்லை. செய்பவர்களும் அத்தனை இருக்கைக்கும் பணம் கேட்பார்கள், தங்கள் மருத்துவர் காகிதங்களைப் பார்த்து அனுமதி தரும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ரயில் என்றால் சென்னைக்கு ஏறத்தாழ 40 மணி நேரம். முறிந்த எலும்போடு அந்தக் குலுங்கலை நினைத்துப் பாருங்கள்.

அறுவை மருத்துவர் மருந்துக்கடை ரசீதின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து, அதற்குக் கீழே கழுத்து. பந்துக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான் ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகிவிட்டால் பந்துக்கு ரத்தம் நின்றுபோகிறது. இளவயதுக்காரர்களுக்கு உடனே திருகாணி போட்டு ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். அம்மாவின் வயதில் அது ஒட்டாமல் போகவே வாய்ப்பு அதிகம், பிறகு மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். அதனால் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பது. இடுப்புப் பக்கத்துக் கிண்ணத்தைத் தொடாததால் இதைப் பாதி மூட்டு மாற்று என்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது. வயதானவர்களுக்கு ஆபத்து முறிவால் மட்டும் வருவதில்லை, படுக்கையால் வருகிறது. அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், முதுகு புண்ணாகும், தசை கரையும். ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை செய்து, மறுநாளே நிற்கவைத்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் சொல்லும் வழியில் போனால் அம்மா ஊர் போய்ச் சேரவே அந்தக் கெடு தாண்டிவிடும். அதன்பிறகு அங்கே ஒரு மருத்துவமனை தேடி, மறுபடி எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து.

நான் கேட்ட கேள்விகளை எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். இதே அறுவையை வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? மயக்க மருத்துவர் இங்கேயே இருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா? தீவிர சிகிச்சைப் பிரிவு இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா? ரத்தம் எங்கிருந்து? எந்த நிறுவனத்து மூட்டு, எலும்புச் சிமெண்ட் வைப்பீர்களா? எப்போது நிற்கவைப்பீர்கள்? பதில்களையும் எக்ஸ்ரேயையும் திருச்சியில் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அங்கேயே செய்யுங்கள். முடிந்தால் நாளைக்கே" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மாமாவின் அழைப்பை எடுக்கவில்லை.

இத்தனை பேர் பேசியதில் அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டேன். "இந்தக் காலோடு சென்னை வரை என்னால் முடியாது, இங்கேயே ஆகட்டும். ஆனால் இனிமேல் என் சேலையை யாரும் கத்தரிக்கக் கூடாது" என்றாள். நேற்று அவசரப் பிரிவில் கத்தரித்துப் போட்ட சுங்குடி அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளி, இரவு

சர்க்கரை 260-க்கு மேல் இருந்தது. இன்சுலின் போட்டு இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். எக்கோ பார்த்தாயிற்று, இதயம் தாங்கும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பார்களாம், முழு மயக்கம் இல்லை.

உடனிருப்பவருக்கு இங்கே வேலை என்பது பர்ச்சியோடு ஓடுவது. செவிலியர் ஒரு துண்டுச்சீட்டைக் கையில் வைப்பார், நாம் கீழே மருந்துக்கடைக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். கையுறை, தையல் நூல், முதுகில் போடும் ஊசி, ஒட்டும் துணி, நாளைய அறுவைக்கு வேண்டிய மொத்தச் சரக்கையும் இரண்டு பைகளில் தூக்கிவந்தேன். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவார்கள். ரசீது மட்டும் கசங்காமல் இருக்க வேண்டும். எங்கள் காப்பீடு இங்கே செல்லாது, பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டிய வகை. தம்பி நேற்றே அவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டான்.

ஒப்புதல் படிவம் இந்தியில் இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். முன்மேசை ஆளுக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில், "மகன் எங்கே? ஆண் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்" என்றார். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான், மகள் இங்கே நிற்கிறாள், நோயாளி சுய நினைவோடு இருக்கிறாள், எங்கள் இருவருக்கும் எழுதத் தெரியும் என்றேன். அம்மா முப்பத்து நான்கு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். படுத்தபடியே படிவத்தை வாங்கி, தமிழில், தலைப்பெழுத்தோடு, வருகைப் பதிவேட்டில் போடும் அதே கையெழுத்தைப் போட்டாள். அந்த ஆள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

ரத்தம் இரண்டு யூனிட் தயாராக இருக்க வேண்டும், பதிலுக்கு இரண்டு பேர் கொடுக்க வேண்டும். ஒன்று நான். இன்னொன்றுக்கு, விடுதிச் சமையல்காரர் சொல்லி, காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தேனிப் பையன் வந்தான். கொடுத்துவிட்டுப் பழச்சாறுகூடக் குடிக்காமல், ஆய்வகம் பூட்டிவிடுவார்கள் என்று ஓடினான்.

சனி

காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனாள். பல்செட்டையும் மூக்குத்தியையும் காது கேட்கும் கருவியையும் என் கையில் கொடுத்தார்கள். மூக்குத்தி வராமல் சோப்புத் தண்ணீர் விட்டு ஒரு செவிலிப்பெண் கழற்றினாள். அப்பா வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து அது இறங்கியதில்லை.

பதினொன்றுக்குக் கதவு திறந்து, "மாதாஜியின் ஆள் யார்?" என்று கூப்பிட்டார்கள். எனக்கு வயிறு கலங்கியது. உதவியாளர் ஒருவர் எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினார். அதற்குள் அம்மாவின் தொடை எலும்புப் பந்து. நான் நினைத்ததைவிடப் பெரிது. மேல்பக்கம் வழவழப்பாக, தந்த நிறத்தில், ஒரு கீறல் இல்லை. அடிப்பக்கம் மட்டும் ஒடிந்த கரும்பின் முனையாகப் பிசிறடித்து, ரத்தம் தோய்ந்திருந்தது. எடுத்த பகுதியை உறவினரிடம் காட்டுவது இங்கே வழக்கமாம், எடுத்தோம் என்பதற்குச் சாட்சி. "நன்றாக இருக்கிறது, பொருத்தியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்தில் காத்திருந்த காஜிபூர்க்காரர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திணித்தார்.

பன்னிரண்டரைக்கு அம்மா வெளியே வந்தாள். கண் திறந்திருந்தது. "சுத்தியல் வைத்து அடித்தார்கள், எனக்குக் கேட்டது" என்றாள். காதுக் கருவி இல்லாமலேயே!

ஞாயிறு

நேற்று இரவைப் பற்றி எழுத வேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

ஒரு மணிவாக்கில் அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். சிறுநீர்க் குழாயைப் பிடித்து இழுத்தாள். தடுத்தபோது என்னை "பெரியக்கா" என்று கூப்பிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தினாயா, கன்றுக்குட்டி வெளியே போய்விடும் என்று அதட்டினாள். பெரியக்கா என்பது இருபது வருடத்துக்கு முன் செத்துப்போன என் பெரியம்மா. அதற்குப் பிறகு, இந்த வீட்டில் எல்லோரும் வேற்றுமொழி பேசுகிறார்கள், என்னைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அழ ஆரம்பித்தாள். என் அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. மூளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் பதறவில்லை. இடுப்பு அறுவைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதாம். வலி, மருந்து, தூக்கமின்மை, புது இடம் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை, பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆக்சிஜனும் உப்பும் சர்க்கரையும் பார்த்தார், சரியாக இருந்தன. தூக்க மருந்து வேண்டாம், அது இன்னும் குழப்பும் என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "கண்ணாடி எங்கே? காதுக் கருவி எங்கே?" இரண்டும் காலையிலிருந்து என் கைப்பையிலேயே இருந்தன. மாட்டிவிட்டோம். விளக்கைப் போட்டேன். அம்மா, இது காசி, இன்று சனிக்கிழமை இரவு, நீ விழுந்தாய், இடுப்பில் அறுவை ஆகிவிட்டது, நான் உன் மகள் என்று நிதானமாகச் சொன்னேன். கால் மணிக்கு ஒருமுறை மறுபடியும் சொன்னேன். கன்றுக்குட்டியைக் கட்டியாகிவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டேன். மருத்துவர் சொன்ன பட்டியலில் அது இல்லை, ஆனால் அதற்குத்தான் அடங்கினாள்.

விடிந்ததும் சன்னலுக்கு வெளியே வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்து, "இதுவும் ஆஸ்பத்திரியைச் சேர்ந்ததா?" என்று கேட்டாள். தெளிந்துவிட்டாள் என்று தெரிந்தது. இன்று இரவு மறுபடி வரலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு இயன்முறை மருத்துவர் வந்து நிற்கவைத்தார். வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வரும்படி கால்களைச் சரிசெய்தார். புதுக் காலில் எடை வைக்கலாமா என்று நான் தயங்க, வைக்கத்தான் பொருத்தியிருக்கிறோம் என்றார். அம்மா நான்கு அடி நடந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "காசிக்குப் போனால் முக்தி என்றார்கள், எனக்கு மூட்டுதான் கிடைத்தது" என்றாள். இதைப் பெரியப்பாவிடமும் கைப்பேசியில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

திங்கள்

இரவு ஒருமுறைதான் கன்றுக்குட்டி. குழாயை எடுத்துவிட்டார்கள். ரசம் கேட்டாள்.

புதன் – கார்த்திகைப் பௌர்ணமி

இன்று தேவ தீபாவளி. படித்துறைகள் முழுக்க அகல் ஏற்றும் நாள். ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் விடுதி அறை இந்த நாளுக்கு மாதங்களுக்கு முன்பே வேறு யாருக்கோ பதிவாகியிருந்ததால் சித்தி காலி செய்ய வேண்டியதாயிற்று. மூட்டைகளோடு மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். வந்தவள், "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வெளியே போய்க் காற்றுப்பட்டு வா" என்று துரத்தினாள்.

காற்று வாங்கவில்லை, அறை தேடினேன். அம்மா வீடு திரும்புவதற்கு முன் தையல் பிரிக்க வேண்டும், அதுவரை தங்க ஓர் இடம். தரைத்தளத்தில் இருக்க வேண்டும், மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும், வாசல் வரை கார் வர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த அறை பழைய காசியில் கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நான்கு படி, அதற்கு முன்னால் ஸ்கூட்டர் மட்டும் நுழையும் சந்து. இந்த ஊரைக் கட்டியவர்கள் நடக்க முடிந்தவர்களையும் தூக்கிக்கொண்டு போகப்படுபவர்களையும் மட்டுமே மனதில் வைத்திருந்தார்கள்போல. வாக்கரோடு நடப்பவர்களுக்கு இடமில்லை.

கோதௌலியாவை ஒட்டி நகரத்தார் சத்திரம். 1813-இல் தொடங்கியது. காசி விசுவநாதருக்குப் பூசைப் பொருள் தினமும் அங்கிருந்துதான் போகிறது. நான் உள்ளே விசாரித்துவிட்டு வெளியே வந்தபோது அந்த ஊர்வலம் கிளம்பியது. பாலும் வில்வமும் பூவும் சந்தனமும் தூக்கிக்கொண்டு "சம்போ, சம்போ" என்று உரக்கச் சொல்லியபடி போகிறார்கள், இத்தனை நெரிசலும் விலகி வழிவிடுகிறது. ஆங்கிலேயர் ஆட்சி, விடுதலை, கலவரம், ஊரடங்கு என எத்தனையோ பார்த்த நடை. சத்திரத்தில் அறை இல்லை, இன்று இருக்கவும் முடியாது. ஆனால் அலுவலகத்தில் இருந்த பெரியவர், "துர்க்காகுண்டம் பக்கம் போங்கள், அங்கே காலனி வீடுகள், கார் போகும்" என்றார். அவர் சொன்னபடியே கிடைத்தது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வீட்டின் முன்னறை. வாடகை கொஞ்சம் அதிகம்தான், பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

திரும்பும் வழியில் அசி படித்துறையில் தீபங்களைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன். பர்ச்சி வந்திருக்குமே என்ற நினைப்பு விடவில்லை. வெடிச் சத்தம் மருத்துவமனை வரை கேட்டதாம். அம்மா கருவியைக் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளி

வெளியே விட்டார்கள். ஒன்றே முக்கால் லட்சம். காப்பீட்டுக்கு எல்லா ரசீதுகளின் அசல், வெளியேற்றச் சுருக்கம், எக்ஸ்ரே ஆகியவற்றோடு மூட்டுப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரும் வேண்டும். மூட்டின் வரிசை எண் அதில்தான் இருக்கிறது. கேட்டபோது அறுவை அரங்கில் தேட வேண்டும், நாளை வாருங்கள் என்றார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

ஞாயிறு – துர்க்காகுண்டம்

காலில் ரத்தம் உறையாமலிருக்க அம்மாவுக்குத் தினமும் வயிற்றில் ஓர் ஊசி. முதல் நாள் செவிலிப்பெண் காட்டிக்கொடுத்தாள், இப்போது நானே போடுகிறேன். தொப்புளிலிருந்து தள்ளி, இரண்டு விரலால் சதையை மடித்துப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். மருந்து ஏற்றி வரும் அந்தச் சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி இருக்கும். அதை வெளியேற்றக் கூடாது, மருந்தின் கடைசிச் சொட்டைத் தள்ளிவிடுவது அதுதான். குத்திய இடத்தைத் தேய்க்கவும் கூடாது, கன்றிப்போகும். இடம் வலம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அம்மாவுக்கு ஊசியில் பயமில்லை. என் கையில்தான் பயம். கண்ணை மூடிக்கொண்டு அபிராமி அந்தாதி சொல்கிறாள், நான் முடித்த பிறகும் அந்தப் பாட்டை முடிக்காமல் கண் திறப்பதில்லை.

காலை மேல் கால் போடக் கூடாது. குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது, இடுப்பு எப்போதும் முட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. மீறினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவும். கழிப்பறை இருக்கையை உயர்த்தும் வளையம் லங்கா கடைத்தெருவில் கிடைத்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் மனைவிக்கும் ஒன்று வாங்கித்தரச் சொன்னார்.

ராமேசுவரத்து மணல் விவகாரம் இன்று தீர்ந்தது. காசி யாத்திரை என்றால் எங்கள் வீட்டு வழக்கப்படி முதலில் ராமேசுவரம் போய்க் கடல் மணலில் மூன்று லிங்கம் பிடித்து, சேது மாதவன், பிந்து மாதவன், வேணி மாதவன் என்று பூசை செய்து, வேணி மாதவனை மட்டும் எடுத்து வந்து பிரயாகையில் திரிவேணியில் கரைக்க வேண்டும். அந்த மணல் பித்தளைச் செம்பில் எங்களோடு மருத்துவமனை முழுக்கச் சுற்றியது. ஒரு செவிலிப்பெண் மருந்து என்று நினைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டாள். சித்தி கரைக்கப் போகிறேன் என்றபோதெல்லாம், நானே போய்க் கரைக்க வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தாள். இன்று காலையில் தானாகவே, "போய் வா. உன் பெயரும் சொல்லு, என் பெயரும் சொல்லு. மயில்சாமி பேரனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றும் சொல்லு" என்றாள். 120 கிலோமீட்டர், வாடகைக் காரில் போய்விட்டு இரவுக்குள் சித்தி திரும்பிவிட்டாள். மயில்சாமி யார் என்று எனக்குத் தெரியாது. பழைய மாணவனாக இருக்கும்.

சனி

தையல் என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் இரும்புப் பின்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது அம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். தழும்பு சுத்தமாக இருக்கிறது.

விமானப் பயணம் பற்றி மருத்துவரிடம் நீண்ட நேரம் பேசினேன். காலில் ரத்தம் உறையும் ஆபத்து இன்னும் சில வாரம் இருக்கிறது, அதனால் நெடுந்தூர விமானம் என்றால் அனுமதித்திருக்க மாட்டேன் என்றார். இங்கிருந்து சென்னைக்கு நேர் விமானம், மூன்று மணி நேரத்துக்குள். ஊசியை நிறுத்தாமல், காலுறை மாட்டி, இடையில் எழுந்து நடந்து, கணுக்காலை ஆட்டிக்கொண்டே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தார். முன்வரிசையில் இடம் பிடித்தாயிற்று.

சாயங்காலம் சித்தி சௌக்கம்பாவிலிருந்து மலையோ வாங்கி வந்தாள். பனிக்காலத்தில் மட்டும் விற்கும் பால்நுரை, மண்கிண்ணத்தில் குங்குமப்பூ நிறத்தில் நிற்கிறது, வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லை, இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது. அம்மா சர்க்கரையை மறந்து இரண்டு கிண்ணம் கேட்டாள். ஒன்றுதான் கொடுத்தேன்.

திங்கள் – பாபத்பூர் விமான நிலையம்

பாதுகாப்புச் சோதனையில் கைக்கருவி அம்மாவின் இடுப்பில் கத்தியது. காவலர் பெண் மறுபடியும் வைத்துப் பார்த்தாள், மறுபடியும் கத்தியது. அம்மா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, புடவையின் மேலேயே தட்டிக்காட்டி, "ஸ்டீல், ஸ்டீல்" என்றாள். நான் மருத்துவர் கடிதத்தை நீட்டினேன். அவள் அதைப் படிக்காமலேயே அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விட்டாள்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். அந்த நேரத்தில் தம்பியிடம் பேசி முடித்துவிட்டேன். மயிலாடுதுறை வீட்டில் அவன் நேற்றே வந்து இறங்கியிருக்கிறான். கொல்லைப்புறக் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி வைத்தாகிவிட்டது. கூடத்தில் கால் தடுக்கும் மிதியடிகளை எல்லாம் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டானாம். இயன்முறை மருத்துவர் புதன்கிழமையிலிருந்து வீட்டுக்கே வருகிறார். பெரியப்பா நாளை பார்க்க வருகிறாராம், காசியில் ஏன் கத்தி வைத்தாய் என்று மறுபடி ஆரம்பிப்பார், அம்மாவே அவரைப் பார்த்துக்கொள்வாள். அம்மாவின் கட்டில் தரையிலிருந்து 16 அங்குலம்தான் இருக்கிறது என்று அளந்து சொன்னான். போதாது, நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று நீயே ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார் என்று சொல்லியிருக்கிறேன்.